சாய மூலக்கூறுகள் அடுக்கிக்கொண்டால் நிறம் ஏன் மாறுகிறது?

டொலுய்டீன் ப்ளூ என்றொரு நீலச் சாயம் இருக்கிறது. அதை நீரில் வெளிர் நீலமாகத் தெரியும் அளவுக்குக் கரைத்து, அதில் கொஞ்சம் ஹெப்பாரின் சேர்த்தால் கரைசல் ஊதாவாகிவிடும். ஹெப்பாரின் என்பது ரத்தம் உறையாமலிருக்க மருத்துவமனைகளில் ஊசி வழியாகத் தரும் மருந்து. அந்த ஊதாக் கரைசலில் போதுமான ஆல்கஹாலை ஊற்றினால் நீலம் திரும்பி வந்துவிடும்.

இதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம்: "சாயம் ஹெப்பாரினோடு வினைபுரிந்து வேறு பொருளாகிவிட்டது." அப்படி எதுவும் நடக்கவில்லை. சாயத்தின் ஓர் அணுவும் இடம் மாறவில்லை, புதிதாக ஒரு வேதிப் பிணைப்பும் உண்டாகவில்லை. முன்பு தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்த சாய மூலக்கூறுகள் ஹெப்பாரின் சங்கிலியின்மேல் நெருக்கமாக வரிசைகட்டி உட்கார்ந்துவிட்டன. நிறம் மாறியதற்கு அந்த நெருக்கம் மட்டுமே காரணம்.

"தானாக ஒன்றுகூடும் நானோ சென்சார்" என்று செய்திகளில் அடிக்கடி வருவது பெரும்பாலும் இந்தச் சங்கதிதான். ஆனால் செய்தியைப் படித்தால் ஏதோ குட்டி ரோபோக்கள் கைகோத்துக்கொள்வது போன்ற எண்ணம் வரும். அல்லது சாயம் திரிந்துபோய் அடியில் தங்குவதைத்தான் இப்படி அலங்காரமாகச் சொல்கிறார்கள் என்று தோன்றும். இரண்டும் சரியில்லை. சமன்பாடு இல்லாமலே இதைப் புரிந்துகொள்ள முடியும். பள்ளியில் படித்த வேதியியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

சாயங்களில் பெரும்பாலானவை அரோமாட்டிக் மூலக்கூறுகள். அதாவது, பென்சீன் போன்ற தட்டையான வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மூலக்கூறுகள். இந்த வளையங்களில் ஒரு பகுதி எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட இரண்டு அணுக்களுக்கு நடுவில் கட்டுப்பட்டிருப்பதில்லை; வளையம் முழுக்க மேகம் மாதிரிப் பரவியிருக்கும். இவற்றுக்குப் பை எலக்ட்ரான்கள் என்று பெயர். வளையங்கள் கூடக் கூட, மேகம் நீள நீள, அந்த எலக்ட்ரான்களை அசைக்கக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியே போதும். பென்சீனுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் வேண்டும். சாயங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதுமானது.

டொலுய்டீன் ப்ளூ 630 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஆரஞ்சு-சிவப்பு ஒளியை விழுங்குகிறது. வெள்ளை ஒளியில் அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது நமக்கு நீலமாகத் தெரிகிறது. ஊதாவாக மாறிய கரைசல் அதைவிடக் குறைந்த அலைநீளத்தில், பச்சைப் பக்கமாக ஒளியை விழுங்குகிறது. ஆக, நிறம் மாறியது என்றால் மூலக்கூறு எந்த ஒளியைத் தின்கிறது என்பது மாறியிருக்கிறது என்று பொருள்.

ஒளியை விழுங்கிய மூலக்கூறு அந்த ஆற்றலை என்ன செய்யும்? பல சாயங்கள் வெப்பமாக்கிச் சுற்றியுள்ள நீருக்குக் கொடுத்துவிடும். சில சாயங்கள் அதைச் சற்று நீண்ட அலைநீளமுள்ள ஒளியாகத் திருப்பி உமிழும். இந்த இரண்டாவது வழிக்குத்தான் ஒளிர்வு என்று பெயர். ஹைலைட்டர் பேனா மை பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

இவ்வளவும் ஒற்றை மூலக்கூறின் கதை. பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். அதனால்தான் "இந்தச் சாயத்தின் நிறம் இது" என்று, நிறம் மூலக்கூறுக்கு உள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருப்பது மாதிரி நாம் பேசப் பழகிவிட்டோம்.

ஏன் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன

தட்டையான அரோமாட்டிக் முகத்துக்கும் நீருக்கும் ஒத்துப்போகாது. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்திருக்கவே விரும்புகின்றன. நடுவே ஒரு தட்டையான எண்ணெய்த்தன்மையுள்ள பரப்பு வந்தால் அதைச் சுற்றி வளைந்து நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு சாய மூலக்கூறுகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டால் அந்த அளவுக்கு நீருக்குத் தொல்லை குறையும். இது போக, பெரிய எலக்ட்ரான் மேகங்கள் அருகருகே வந்தால் அவற்றுக்கு இடையே வான் டெர் வால்ஸ் ஈர்ப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்து மூலக்கூறுகளை அடுக்குகின்றன. இப்படி வெளியிலிருந்து யாரும் எடுத்து வைக்காமல், வலுவான பிணைப்பும் உண்டாகாமல், மூலக்கூறுகள் தாமாகவே ஒழுங்காக அமைந்துகொள்வதற்குச் சுய ஒருங்கமைவு என்று பெயர். அமைந்து நிற்கும் கூட்டத்தைத் திரள் என்று சொல்வோம்.

இங்கே ஒரு பொதுவான தவறைச் சொல்லிவிட வேண்டும். "பை எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன, அதனால் அடுக்குகின்றன" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எலக்ட்ரான் மேகம் எதிர் (நெகட்டிவ்) மின்சுமை உடையது. இரண்டு நெகட்டிவ் மின்சுமைகள் எப்படி ஈர்க்கும்? 1990இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டபர் ஹன்டரும் ஜெரமி சாண்டர்ஸும் இதை ஒரு எளிய மாதிரியாக முன்வைத்தார்கள். மேகங்கள் தங்களுக்குள் தள்ளிக்கொள்ளும். அதனால் வளையங்கள் நேருக்கு நேர் அச்சடித்தாற்போல் அமராமல், கொஞ்சம் நகர்ந்தோ அல்லது ஒன்றுக்கு ஒன்று செங்குத்தாகவோ அமர விரும்பும் என்றார்கள். கொஞ்சம் நகர்ந்து அமர்தல் என்ற இந்தச் சின்ன விவரம்தான் பின்னால் நிறத்தைத் தீர்மானிக்கப் போகிறது.

சரி, அப்படியானால் டொலுய்டீன் ப்ளூ தானாகவே அடுக்கிக்கொள்ளாமல் ஹெப்பாரின் வரும்வரை ஏன் காத்திருக்கிறது? அதன் ஒவ்வொரு மூலக்கூறும் நேர் மின்சுமை உடையது. தட்டையான முகங்கள் சேரப் பார்க்கும், மின்சுமைகள் தள்ளிவிடும். கரைசல் நீர்த்திருக்கும்போது தள்ளுதலே ஜெயிக்கிறது. ஹெப்பாரின் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதன் நெடுக சல்பேட் தொகுதிகள், அதாவது எதிர் மின்சுமைகள் நெருக்கமாக இருக்கும். சாயத்தின் நேர் மின்சுமை அதில் போய்ச் சமமாகிவிடுவதால், மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து முகம் சேர்த்துக்கொள்ள முடிகிறது. ஆல்கஹால் ஊற்றினால் நீரின் நெருக்குதல் தளர்கிறது, அடுக்கும் பிரிகிறது.

சாயத்தின் செறிவைக் கூட்டினாலும் இதே மாதிரி நடக்கும். கல்லூரி ஆய்வகத்தில் மெத்திலீன் ப்ளூ என்ற இன்னொரு நீலச் சாயத்தை வைத்துப் பீர்-லாம்பர்ட் விதிக்கு (செறிவு கூடும் அதே விகிதத்தில் ஒளி உட்கவரும் அளவும் கூடும் என்ற விதி) வரைபடம் போட்டவர்களுக்கு இது பழக்கமாக இருக்கும். செறிவு ஏற ஏற நேர்கோடு வளையத் தொடங்கும். கருவி சரியில்லை, கரைசல் ஊற்றும் கியூவெட் குப்பியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். 664 நானோமீட்டரில் விழுங்கும் தனி மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்து 610 நானோமீட்டர் பக்கமாகப் போய்விடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வீழ்படிவுக்கும் திரளுக்கும் உள்ள வித்தியாசமும் இதிலேயே இருக்கிறது. வீழ்படிவு கலங்கலாகும், அடியில் இறங்கும். திரள் பெரும்பாலும் தெளிவான கரைசலாகவே நிற்கும். நீர்க்கச் செய்தால், சூடாக்கினால், கரைப்பானை மாற்றினால் கலைந்துவிடும். எளிதில் கூடி எளிதில் பிரியும் இந்தக் குணம் இல்லாவிட்டால் இதை உணரியாக (சென்சாராக) பயன்படுத்தவே முடியாது.

இதுவரை பார்த்தது: தட்டையான சாயங்கள் நீரில் அடுக்கிக்கொள்ளத் தயாராகவே இருக்கின்றன. மின்சுமை, செறிவு, கரைப்பான் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் அடுக்கு உருவாகும் அல்லது கலையும். அடுக்கு ஏன் நிறத்தை மாற்ற வேண்டும் என்பது இன்னும் பாக்கி.

அடுக்கிய ஓடும் வேய்ந்த ஓடும்

ஓட்டு வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியிலிருந்து இறக்கிய ஓடுகளை முற்றத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்புக்கு விளிம்பு சரியாக வைத்து அடுக்கியிருப்பார்கள். கூரை வேயும்போது அதே ஓடுகள், ஒன்றின் தலை அடுத்ததன் வால் பகுதிக்கு அடியில் போகிற மாதிரி, சரிந்து சரிந்து அமரும். சாய மூலக்கூறுகளும் இந்த இரண்டு விதமாகவும் அமர்கின்றன. எந்த விதம் என்பதைப் பொறுத்து நிறம் எதிரெதிர்த் திசைகளில் நகர்கிறது.

ஏன் என்று பார்ப்போம். சாய மூலக்கூறு பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். ஒளி பட்டால் அதன் எலக்ட்ரான் மேகம் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்ந்து ஊசலாடும். மேகம் சாய்ந்த முனை அந்தக் கணத்தில் எதிர் முனை; காலியான முனை நேர் முனை. தனி மூலக்கூறாக இருந்தால் இந்த ஊசலாட்டத்துக்கு இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்குதான் அதன் நிறம்.

இப்போது பக்கத்தில் இன்னொரு மூலக்கூறு இருக்கிறது. ஒளி அலையின் நீளம் சுமார் 500 நானோமீட்டர். மூலக்கூறோ ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். ஆகவே அலை அடிக்கும்போது அருகருகே உள்ள மூலக்கூறுகளின் மேகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகத்தான் சாயும். முற்றத்து அடுக்கில் அப்படிச் சாய்ந்தால் என்ன ஆகும்? எதிர் முனைக்கு நேர் மேலே எதிர் முனை, நேர் முனைக்கு மேலே நேர் முனை. ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலையும் மீறி அசைக்க அதிக ஆற்றல் வேண்டும். அதிக ஆற்றல் என்றால் குறைந்த அலைநீளம். உட்கவர்தல், அதாவது ஒளியை விழுங்குவது, நீலப் பக்கமாக நகர்கிறது. இப்படி அமைந்த கூட்டத்துக்கு ஹெச்-திரள் என்று பெயர். ஹெப்பாரின்மேல் டொலுய்டீன் ப்ளூ செய்வது இதுதான்.

கூரை அடுக்கில் சரிவு போதுமான அளவு இருந்தால் கதை தலைகீழ். ஒரு மூலக்கூறின் எதிர் முனைக்கு அருகில் அடுத்ததன் நேர் முனை வந்துவிடுகிறது. எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும்போது ஒன்றுக்கொன்று இழுத்துக்கொள்கின்றன, வேலை சுலபமாகிறது. குறைந்த ஆற்றலே போதும், உட்கவர்தல் சிவப்புப் பக்கமாக நகர்கிறது. இதற்கு ஜே-திரள் என்று பெயர். எளிமையான கணக்குப்படி இரண்டுக்கும் எல்லைக்கோடு 54.7 டிகிரி. மூலக்கூறுகளின் மையங்களைச் சேர்க்கும் கோட்டுக்கும் ஊசலாட்டத் திசைக்கும் இடையிலான கோணம் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஹெச், சிறிதாக இருந்தால் ஜே.

ஒளிர்வையும் இதே படம் விளக்கிவிடும். ஹெச்-திரளில் மேகங்கள் எதிரெதிராகச் சாயும் நிலை ஒன்று கீழே, குறைந்த ஆற்றலில் இருக்கிறது. ஒளியை விழுங்கி மேலே போன ஆற்றல் சட்டென்று அந்தக் கீழ்நிலைக்கு வழுக்கிவிடும். அங்கே ஒரு மூலக்கூறின் ஊசலாட்டத்தை அடுத்தது அழித்துவிடுவதால் ஒளியாக வெளியேற வழி குறைவு. அதனால் ஹெச்-திரள்கள் பெரும்பாலும் மங்கியே கிடக்கும். ஜே-திரளில் மிகக் கீழான நிலையே எல்லாம் சேர்ந்து ஊசலாடும் நிலை; எனவே அது நன்றாக ஒளிரும். இப்படி ஒரே மூலக்கூறில் நிற்காமல் அடுக்கு முழுக்கப் பகிரப்படும் ஆற்றலுக்கு எக்சிட்டான் என்று பெயர். இந்தச் சொல் கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

இந்தச் சித்திரத்தை 1960களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் காஷா தெளிவாக வகுத்துக் கொடுத்தார். எல்லாச் சாயங்களும் இதற்குக் கட்டுப்படும் என்றில்லை. மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது எலக்ட்ரானே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ ஆரம்பித்துவிடும். அப்போது ஹெச், ஜே என்ற பாகுபாடு குழம்பும். தொடக்கத்துக்குக் காஷா போதும்.

சுருக்கமாக: முற்றத்து அடுக்கு என்றால் நீலப் பக்கம் நகர்வு, மங்கிய ஒளிர்வு. கூரை அடுக்கு என்றால் சிவப்புப் பக்கம் நகர்வு, நல்ல ஒளிர்வு.

யார் முதலில் பார்த்தது

நிறமாற்றத்தை மருத்துவர்கள் வெகு முன்பே கவனித்துவிட்டார்கள். 1870களின் கடைசியில், ஜெர்மனியில் மாணவராக இருந்த பால் எர்லிக், திசுக்களுக்கு அனிலின் சாயம் ஏற்றிப் பார்த்தபோது சில செல்களின் துகள்கள் மட்டும் சாயத்தின் சொந்த நிறத்தை விட்டு வேறு நிறம் காட்டின. அவற்றுக்கு மாஸ்ட் செல் என்று பெயர் வைத்தார். அந்தத் துகள்களில் ஹெப்பாரின் நிறைந்திருக்கிறது என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் நோய்க்குறியியல் ஆய்வகங்களில் மாஸ்ட் செல்லைத் தேட டொலுய்டீன் ப்ளூ போடுகிறார்கள்.

ஜே-திரள் வெளிப்பட்டது 1936ஐ ஒட்டி. லண்டனுக்குப் பக்கத்தில் ஹாரோவில் இருந்த கோடாக் ஆய்வகத்தில் எட்வின் ஜெல்லி, ஜெர்மனியின் மியூனிக்கில் குந்தர் ஷைபே. இருவரும் தனித்தனியாக ஒரே சாயத்தில் ஒரே விஷயத்தைக் கண்டார்கள். சூடோஐசோசயனின் என்ற அந்தச் சாயம் நீர்த்த கரைசலில் 525 நானோமீட்டரை ஒட்டி அகலமான பட்டையாக ஒளியை விழுங்கும். செறிவைக் கூட்டினால் 570 நானோமீட்டர் தாண்டி, ஊசி மாதிரிக் கூர்மையான புதிய பட்டை ஒன்று முளைக்கும். நீர் ஊற்றினால் மறையும். ஜே என்ற எழுத்து ஜெல்லியின் பெயரிலிருந்து வந்தது. ஷைபேயின் பெயரைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

ஒரு புகைப்பட நிறுவனத்துக்கு இதில் என்ன அக்கறை? பழைய ஃபிலிமில் இருக்கும் சில்வர் ஹாலைடு படிகம் இயல்பாக நீலத்தையும் புறஊதாவையும்தான் உணரும். சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரும் என்று ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873லேயே பெர்லினில் கண்டுபிடித்திருந்தார். அப்புறம் வந்த சயனின் சாயங்கள் படிகத்தின் முகத்தில் ஜே-திரளாகப் படிந்து, தாங்கள் பிடித்த ஒளியைக் கொண்டு படிகத்துக்குள் எலக்ட்ரானைத் தள்ளின. கலர் ஃபிலிம் சுருளில் எடுத்த கல்யாண ஆல்பம் வீட்டில் இருந்தால், அதில் இந்தத் திரள்களின் உழைப்பு இருக்கிறது.

மனிதர்களுக்கு முன்பே இதைச் செய்தவை பச்சைக் கந்தக பாக்டீரியாக்கள். மிகக் குறைந்த வெளிச்சத்தில் வாழும் அவை, பச்சையத்தின் உறவுக்கார மூலக்கூறுகளைப் புரதச் சட்டம் எதுவும் இல்லாமல் லட்சக்கணக்கில் தாமாகவே அடுக்க விட்டு, கிடைக்கும் ஒளியை அள்ளுகின்றன.

பெயின்ட் உலகில் இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. பெரிலீன் டைஇமைடு குடும்பத்து நிறமிகள் கார் பெயின்டில் சிவப்புக்காகப் பயன்படுகின்றன. கரைசலில் இந்தக் குடும்பத்து மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே நிறம்தான். திடப்பொருளாகும்போது, ஓரத்தில் தொங்கும் வால் பகுதியைக் கொஞ்சம் மாற்றினால் அடுக்கும் விதம் மாறி, ஒன்று சிவப்பாகவும் இன்னொன்று மெரூனாகவும் வேறொன்று கறுப்பாகவும் கூட வருகிறது.

இதை வைத்து எப்படி உளவு பார்ப்பது

கருத்து எளிது: கண்டுபிடிக்க வேண்டிய பொருள் வந்தால் அடுக்கு கூட வேண்டும் அல்லது கலைய வேண்டும். மீதியை நிறமும் ஒளிர்வும் சொல்லிவிடும்.

கூடுவதற்கு உதாரணம் முதலில் பார்த்த ஹெப்பாரின். இதில் ஓர் அழகான நீட்சி உண்டு. இதய அறுவை முடிந்ததும் ஹெப்பாரினின் வேலையை நிறுத்த புரோட்டமின் என்ற நேர் மின்சுமையுள்ள புரதத்தைக் கொடுப்பார்கள். ஊதாக் கரைசலில் புரோட்டமினைச் சேர்த்தால் அது ஹெப்பாரினைப் பிடித்துக்கொள்ளும்; இடம் இழந்த சாயம் கரைசலுக்குத் திரும்பி நீலமாகும். எத்தனை துளியில் நீலமாகிறது என்று எண்ணினால் எவ்வளவு ஹெப்பாரின் இருந்தது என்று கணக்கிடலாம்.

கலைவதற்கு நல்ல உதாரணம் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இத்தாரு ஹமாச்சியின் குழு 2010ஐ ஒட்டிச் செய்தது. ஒரு ஒளிரும் சாயத்தின் முனையில், குறிப்பிட்ட ஒரு புரதத்தின் குழிக்குள் மட்டும் பொருந்தும் சிறு மூலக்கூறை ஒரு சாவி போல ஒட்ட வைத்தார்கள். நீரில் இந்தச் சாயம் திரண்டு ஒளியின்றிக் கிடக்கும். அந்தப் புரதம் வந்தால் சாவியை இழுத்துக்கொள்ளும். கூடவே சாயமும் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து ஒளிரத் தொடங்கும். இருட்டில் விளக்கு எரிவதைக் கண்டுபிடிப்பது, எரிகிற விளக்குகளில் ஒன்று அணைவதைக் கண்டுபிடிப்பதைவிடச் சுலபம். அதனால் எனக்கு இந்த வழிதான் மற்றவற்றைவிடப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

மூன்றாவது வழியில் அடுக்கு கூடவும் வேண்டாம், கலையவும் வேண்டாம். எக்சிட்டான் அடுக்கு நெடுக ஓடக்கூடியது என்பதைப் பயன்படுத்துகிறார்கள். பெரிலீன் டைஇமைடை மெல்லிய நானோ இழைகளாகத் திரள விட்டால், ஒரு நல்ல இழை ஒளிரும். அனிலின் போன்ற அமீன் ஆவி இழையின் ஓர் இடத்தில் ஒட்டினால், கிளர்ந்த சாயத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து ஒளிர்வை அணைத்துவிடும். இழையில் எங்கோ பிறந்த எக்சிட்டான் ஓடி வந்து இந்த ஓரிடத்தில் விழுந்து அணையும். ஒரு மூலக்கூறு வந்து ஒட்டியதற்குப் பல மூலக்கூறுகள் இருளும். அமெரிக்காவில் லிங் ஜாங்கின் குழு 2008இல் இதைக் காட்டியது. இதே தர்க்கத்தைத் திரளுக்குப் பதிலாக நீண்ட பாலிமர் சங்கிலியில் எம்ஐடியின் டிமதி ஸ்வேகர் அதற்கு முன்பே செய்திருந்தார். டிஎன்டி வெடிமருந்தின் ஆவியை மோப்பம் பிடிக்கும் கருவி அதிலிருந்து பிறந்தது.

செல்லுக்குள் ஒரு வோல்ட்மீட்டர்

உயிரியல் ஆய்வகங்களில் மிகப் பரவலாகப் புழங்கும் உதாரணம் ஜேசி-1. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பயன்படுத்துபவர்களிலேயே பலர் இது ஏன் வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. "ஆரோக்கியமான செல் சிவப்பு, சாகிற செல் பச்சை" என்று கிட்டோடு வரும் தாளில் இருக்கும், அதோடு விட்டுவிடுவார்கள்.

செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவின் உள்சவ்வு ஒரு சின்ன மின்கலம் மாதிரி. உள்பக்கம் எதிர் மின்னழுத்தம், வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ட் குறைவு. ஜேசி-1 நேர் மின்சுமையுள்ள சயனின் சாயம், சவ்வைக் கடந்து போகக்கூடியது. அதனால் உள்ளே இழுக்கப்பட்டுக் குவிகிறது. எவ்வளவு குவியும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: சுமார் 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு. 60 என்றால் பத்து, 120 என்றால் நூறு, 180 என்றால் ஆயிரம் மடங்கு. உள்ளே செறிவு எல்லை தாண்டியதும் சாயம் ஜே-திரளாகிவிடும்.

தனி மூலக்கூறு 529 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும். ஜே-திரள் 590 நானோமீட்டரில் ஆரஞ்சு-சிவப்பாக ஒளிரும். செல் சாகத் தொடங்கும்போது பல சமயம் இந்த மின்னழுத்தம் சரியும். சரிந்தால் சாயம் வெளியே கசிந்து, செறிவு குறைந்து, திரள் கலைந்து, சிவப்பு போய்ப் பச்சை வரும். மூலக்கூறு ஒன்று, நிறம் இரண்டு. மின்னழுத்தத்தை நேரடியாக அளக்காமல் கூட்டத்தை வைத்து ஊகிக்கிறோம். ஹார்வர்டில் லான் போ சென்னின் குழு 1991இல் இதை அறிமுகப்படுத்தியது.

இரண்டு நிறங்களின் விகிதத்தை எடுப்பதில் ஒரு லாபம் உண்டு. ஒரு செல்லில் சாயம் கொஞ்சம் அதிகம், இன்னொன்றில் குறைவு என்றாலும் விகிதம் ஓரளவு அதைச் சரிக்கட்டும். ஆனால் முழுமையாக அல்ல. எல்லாமே செறிவை நம்பி நடப்பதால், சாயத்தை அளவுக்கு மீறி ஊற்றினால் மின்னழுத்தம் குறைவாக இருந்தாலும் சிவப்பு வரும். குறைவாக ஊற்றினால் நல்ல செல்லும் பச்சையாகத் தெரியும். அதனால்தான் எஃப்சிசிபி போன்ற, மின்னழுத்தத்தைக் குலைக்கும் பொருளைச் சேர்த்த ஒரு ஒப்பீட்டு மாதிரி கூடவே வைக்க வேண்டும் என்கிறார்கள். அது இல்லாத ஜேசி-1 படத்தை நான் நம்புவதில்லை.

கூடினால் ஒளிரும் சாயங்கள்

திரண்டால் ஒளிர்வு மங்கும் என்பதையே பொது விதியாகப் பலரும் வைத்திருந்த நிலையில், 2001இல் ஹாங்காங்கில் பென் சோங் டாங்கின் குழு ஒரு சைலோல் சேர்மத்தில் நேரெதிரைக் கண்டது. கரைத்தால் இருட்டு, திரண்டால் வெளிச்சம். இதை உடனே ஜே-திரள் என்று எண்ணிக்கொள்வது இங்கே நடக்கும் பெரிய குழப்பம். காரணம் வேறு. இந்த மூலக்கூறுகள் தட்டையாக இல்லாமல், சுற்றிலும் பென்சீன் வளையங்கள் விசிறி இறக்கைகள் போல நீட்டிக்கொண்டிருக்கும். தனியாக இருக்கும்போது வளையங்கள் சுழன்று சுழன்று ஆற்றலை வெப்பமாக்கிவிடும். நெருக்கத்தில் சுழல முடியாது; ஆற்றல் ஒளியாகத்தான் வெளியேற வேண்டும். இங்கே எக்சிட்டான் பகிர்தல் பெரிய பங்கு வகிப்பதில்லை, இடநெருக்கடிதான் வேலை செய்கிறது.

எங்கே ஏமாறலாம்

சுத்தமான நீரில் அழகாக வேலை செய்யும் திரள் உணரியை ரத்தத்தில் போட்டால் என்ன ஆகும்? ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதமான ஆல்புமினுக்குத் தட்டையான எண்ணெய்த்தன்மை மூலக்கூறுகள் என்றால் ரொம்பப் பிடிக்கும். தேடுகிற பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சாயத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ளும், விளக்கு எரிந்துவிடும். உப்பு, வெப்பநிலை, அமிலத்தன்மை எல்லாமே அடுக்கைத் தொந்தரவு செய்யக்கூடியவை. ஆய்வகத்தில் ஜெயித்த பல திரள் உணரிகள் மருத்துவமனைக்கு வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஹெப்பாரினையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க இன்றும் ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சோதனைகள்தான் பெரும்பாலும் நடக்கின்றன. டொலுய்டீன் ப்ளூ முறை, குழாய்களின்மேல் பூசிய ஹெப்பாரினை அளப்பது போன்ற ஆய்வக வேலைகளுக்கு உதவுகிறது.

திரள் தானே வேஷம் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. 2002இல் அமெரிக்காவின் பிரையன் ஷோய்கெட்டும் அவர் குழுவும் மருந்து தேடும் சோதனைகளில் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். பல நொதிகளைத் தடுப்பதாகத் தோன்றிய சில மூலக்கூறுகள் உண்மையில் நீரில் திரண்டு, அந்தத் திரளில் நொதியை ஒட்ட வைத்துத்தான் தடுத்தன. கண்டுபிடிக்கும் வழி சுலபம்: டிரைட்டான் எக்ஸ்-100 போன்ற சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சிறிதளவு சேர்ப்பது. திரள் கலைந்தால் அந்தத் தடுப்பும் காணாமல் போகும். சாய உணரிகளுக்கும் இதே சோதனை பொருந்தும். தேடும் பொருள் இல்லாமல் சோப்பை மட்டும் சேர்த்தாலும் அதே விளைவு வருகிறது என்றால், அந்த உணரி தேடிய பொருளைத்தான் உணர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக, அடுக்கு எதற்குக் கூடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். டொலுய்டீன் ப்ளூவுக்கு ஹெப்பாரினைத் தெரியாது. நெருக்கமாக அமைந்த எதிர் மின்சுமைகளைத்தான் தெரியும். குருத்தெலும்பில் இருக்கும் காண்ட்ராய்ட்டின் சல்பேட்டுக்கும் அது ஊதாவாகும். 2008இல் ஹெப்பாரின் ஊசி மருந்தில் ஒரு கலப்படம் சிக்கியது; அமெரிக்காவில் அதனோடு தொடர்புடைய மரணங்களும் பதிவாயின. கலந்திருந்தது மிகைச் சல்பேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்ட்டின் சல்பேட். எதிர் மின்சுமையில் ஹெப்பாரினுக்குச் சளைக்காத பொருள் அது. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் ஊதாவைப் பார்த்துத் திருப்திப்பட்டிருப்பார்கள். மூலக்கூறின் அமைப்பை அணுக்கருக்களின் காந்தப் பண்பை வைத்துப் படிக்கும் என்எம்ஆர் நிறமாலையும், மின்புலத்தில் நகரும் வேகத்தை வைத்துப் பொருள்களைப் பிரிக்கும் நுண்குழாய் முறையும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.